விமானம் வடிவமைக்கும் அங்கீகாரம் யாருக்கு? ஹட்டனில் கேட்ட ஒரு தகப்பனுக்குப் பதில்

அண்ணே,

போன சனிக்கிழமை குஷன் கடையைச் சாத்திவிட்டு வந்து நீங்கள் நீட்டிய துண்டுப்பிரசுரத்தை இரண்டு தடவை வாசித்தேன். சர்வதேச அங்கீகாரம் பெற்ற விமான வடிவமைப்பு டிப்ளோமா, 18 மாதம், முடித்த கையோடு வெளிநாட்டில் வேலை என்று போட்டிருக்கிறார்கள். அண்ணியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். விமானம் வடிவமைக்க வேண்டும் என்ற மகளின் ஆசை நல்ல ஆசை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் 'அங்கீகாரம்' என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் வேறு அர்த்தம் இருக்கிறது. அது தெரியாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். சீட் உறை கிழிந்துபோய் ஒரு பஸ்காரர் வந்தால் நாலு வகை ரெக்சின் காட்டுவீர்கள். நிறம் பிடித்துவிட்டால் மாலைக்குள் தைத்து மாட்டிவிடுவீர்கள். பயணிகள் விமானத்தில் அதே உறையின் துணியை மட்டும் மாற்றுவதென்றாலும், முதலில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு அதன் அடியில் 12 வினாடி தீ காட்ட வேண்டும். தீயை எடுத்த பிறகு சராசரியாக 15 வினாடிக்குள் துணி தானாக அணைய வேண்டும். எரிந்த நீளம் சுமார் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உருகிச் சொட்டுவது 5 வினாடிக்கு மேல் எரியக் கூடாது. ஸ்பொஞ்சுக்குப் பரீட்சை இன்னும் கடுமை. உறையையும் ஸ்பொஞ்சையும் சேர்த்து எண்ணெய்ச் சுவாலைக்கு முன் 2 நிமிடம் வைத்து, எடை நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்ததா என்று நிறுத்துப் பார்ப்பார்கள். புதிய ரகப் பெரிய விமானங்களின் சீட் என்றால், புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் முன்னால் இழுபடும் மோதல் சோதனையையும் அது தாங்க வேண்டும்.

சரி, சோதனையில் தேறிவிட்டால் போதுமா? "இது விதிக்குப் பொருந்துகிறது" என்று கையெழுத்து வைக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதைப் பார்ப்பது ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை, அதாவது ஈயாசா. அதன் 'பார்ட் 21' விதிகளின்படி, விமானத்தையோ அதில் செய்யும் பெரிய மாற்றங்களையோ வடிவமைக்கும் நிறுவனம் பொதுவாக வடிவமைப்பு நிறுவன அங்கீகாரம் வாங்க வேண்டும். வேலை நடக்கும் முறை முழுவதையும் ஒரு கைநூலில் எழுதிக் காட்ட வேண்டும். ஒருவர் கணக்குப் போட்டு வரைந்ததை, அந்த வேலையில் கை வைக்காத இன்னொரு பொறியியலாளர் சரிபார்க்க வேண்டும். விதிகளையும் முகமையையும் கவனிக்கத் தனிப் பிரிவு வேண்டும். இவர்கள் எல்லோரும் சொன்னபடி நடக்கிறார்களா என்று நிறுவனத்துக்குள்ளேயே சுயாதீனமாகக் கண்காணிக்கவும் ஏற்பாடு வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அங்கீகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கபின் உட்புற வேலைக்கு வாங்கிய நிறுவனம் இறக்கையைத் தொட முடியாது. சிறிய மாற்றங்களைத் தானே அங்கீகரிக்கலாம், பெரியவை பெரும்பாலும் முகமைக்குப் போகும். பாகத்தைத் தயாரிப்பதற்கும், பறந்து வந்த விமானத்தைப் பழுதுபார்ப்பதற்கும் வேறு வேறு அங்கீகாரங்கள்.

அமெரிக்காவில் ஏற்பாடு கொஞ்சம் வித்தியாசம். அரசின் அதிகாரத்தில் ஒரு பங்கை நிறுவனத்துக்குள் இருக்கும் ஆட்களிடமே ஒப்படைப்பார்கள். 2018 ஒக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மெக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, இந்த ஒப்படைப்பே பெரிய கேள்வியாகி, 2020இல் சட்டத்தை இறுக்கினார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டீசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்தகன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதற்கு மூன்றே நாள் முன்னால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விமானம் இப்படியே மலையில் மோதியிருந்தது. அதன் பிறகுதான் நிலம் நெருங்கினால் விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவியை அங்கே கட்டாயமாக்கினார்கள். அந்தக் கருவியைப் பழைய விமானத்தில் பூட்டுவதென்றால் மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, மற்றக் கருவிகளைக் குழப்புமா, ஒரே நேரத்தில் இரண்டு எச்சரிக்கை கேட்டால் எது முந்த வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தாளில் பதில் வேண்டும். மகள் செய்ய ஆசைப்படும் வேலை இதுதான்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். பராமரிப்புப் பொறியியலாளருக்குத் தனிநபர் உரிமம் உண்டு. பார்ட் 21 வடிவமைப்பு வேலையில் அப்படி ஒரு தனிநபர் உரிமம் கிடையாது. அங்கீகாரம் நிறுவனத்துக்கு. அந்த நிறுவனம் தன் ஆட்களின் படிப்பையும் அனுபவத்தையும் எடைபோட்டு, இன்னாருக்கு இன்ன அளவில் கையெழுத்து உரிமை என்று பட்டியல் போடும். டிப்ளோமா முடித்த கையோடு அந்தப் பட்டியலில் பெயர் வராது. ஆகவே அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: அங்கீகாரம் கொடுத்தது யார், எதற்குக் கொடுத்தது, அந்தக் கடிதத்தைக் காட்ட முடியுமா? பராமரிப்புப் பயிற்சிக்கான அங்கீகாரத்தைக் காட்டினால் அது வேறு தொழில். நல்ல தொழில்தான், ஆனால் மகள் கேட்டது அது இல்லை.

அவளுக்கு வழி உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். நான் படித்த காலத்தில் எங்கள் பக்கத்தில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் வீணானது, அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது. அதனால் பாடசாலையில் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அந்த நகைப் பணம் டியூஷனுக்கும் போர்டிங்குக்கும் போகட்டும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையிலும் இடங்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பேராதனையிலோ மொரட்டுவையிலோ இயந்திரப் பொறியியல் கிடைத்தால் தாராளமாகப் போதும், பட்டத்தின் பெயரில் 'விமானம்' இருக்க வேண்டியதில்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இலிருந்து முழு உறுப்பு நாடு. அதனால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்ற பட்டத்துக்கு வெளியே மதிப்பு உண்டு. ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும், பல்கலைக்கழகப் பாடமும் ஆங்கிலம், விதிநூலும் ஆங்கிலம்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள். சாதாரண தரப் பெறுபேற்றோடு, கடையில் மிஞ்சிய துணித்துண்டு நாலைந்தும் எடுத்து வரட்டும். பின்பக்க முற்றத்தில் வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டுக் கொளுத்துவோம். நான் கடிகாரம் பிடிக்கிறேன், அவள் அளந்து கொப்பியில் எழுதட்டும். அவள் எழுதியதை நீங்கள் மறுபடி அளந்து பாருங்கள்.