நோயுற்ற கடல் அனிமோனை ஏன் தனித் தொட்டியில் வைக்கச் சொல்கிறார்கள்?

கடல் அனிமோன் என்பது பூப்போல விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிர்; மீன்தொட்டியிலும் வளர்ப்பார்கள். அது வாய் பிளந்து, நாள் முழுக்க சுருங்கி விரிந்து, பாறையில் ஒட்டாமல் உருண்டால் அதற்கு உடம்பு சரியில்லை. அப்போது அதைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி, குணமாகும்வரை வைப்பதுதான் தனிமைப்படுத்துதல்.

பெரும்பாலும் நீராலான உயிர் அது. செத்தால் சீக்கிரமே கரைந்து, அம்மோனியா ஏறி மீன்களையும் சாகடிக்கும். மாம்பழக் கூடையில் அழுகியதை உடனே எடுத்துவிடுகிறோமே, அதே காரணம்தான். அப்புறம், ஆன்டிபயாடிக்கைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

வளர்ப்பவர்கள் வழக்கமாகப் போடுவது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்: சுமார் 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம். வெளிச்சத்தில் சிதையும் என்பதால் விளக்கை அணைத்தபின் போட வேண்டும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, மறுபடி மருந்து, ஒரு வாரமாவது. கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது. செம்பு கலந்த மீன் மருந்து மட்டும் கூடவே கூடாது.

சேலத்தில் கடல்நீருக்கு எங்கே போவது? ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பைக் கரைக்கலாம். சமையல் உப்பு ஆகாது. நீர் 26 டிகிரியில் இருக்கணும். நம்மூர் மே மாதத்தில் இதுதான் பெரும்பாடு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாவிட்டால் நீர்ப்பரப்பில் காற்றடிக்கும் மின்விசிறியாவது வேண்டும்.

சுருங்கினாலே நோய் என்று பலர் பயப்படுகிறார்கள். கழிவை வெளியேற்றவும் அது சுருங்கும், சில மணி நேரத்தில் விரிந்துவிட்டால் மருந்தே தேவையில்லை.