கப்பலில் ஃபார்மல் நைட்: ஐயாவுக்குக் கோட் தைக்க வேண்டாம்

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்களையும் சேர்த்து நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஒரு இரவு 'ஃபார்மல் நைட்' என்று மின்னஞ்சலில் இருக்கிறது. எனக்குச் சேலை தவிர வேறு பழக்கமில்லை. அவர் வீட்டிலும் வெளியிலும் வேட்டிதான். அப்பாவுக்கு கோட்-சூட் தைத்துவிடுங்கள் என்கிறான் மகன். அப்படியென்றால் நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்கிறார் இவர். பன்னிரண்டு வயதுப் பேத்தி வேறு, பாட்டி என்னோடு நீச்சல் குளத்தில் இறங்க வேண்டும் என்கிறாள். என்னென்ன உடை எடுத்துச் செல்வது?"

அம்மா, கோட் தைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா நிம்மதியாகப் பெட்டி கட்டட்டும்.

ஃபார்மல் நைட் என்றால் விழாவுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வரும் நாள். கப்பலின் உடை விதியைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய பயமே அது கப்பல் முழுவதற்கும், நாள் முழுவதற்கும் என்று நினைத்துக்கொள்வதுதான். அப்படியில்லை. பெரும்பாலான கப்பல்களில் விதி ஒரு குறிப்பிட்ட அறைக்கு, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு. மாலைக்குமேல் மெயின் டைனிங் ரூம் எனப்படும் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கும், தனிக் கட்டணம் வாங்கும் சில உணவகங்களுக்கும்தான் அது. பகல் முழுக்க டெக் எனப்படும் திறந்த தளத்தில், பஃபேயில், கடைகளில், நாடக அரங்கில் எல்லாரும் சாதாரண உடையில்தான் திரிவார்கள். ஃபார்மல் நைட் அன்றுகூட பஃபே திறந்திருக்கும். உடுத்திக்கொள்ள மனமில்லாதவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். யாரும் அபராதம் போடுவதில்லை.

ஃபார்மல் என்றால் எவ்வளவு ஃபார்மல் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குனார்டு போன்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் 'காலா' எனப்படும் விழா இரவு என்றால் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ டை கட்டிய அடர்நிற சூட்டோ போட்டு வருவார்கள். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு உள்ள அவர்களே, அவரவர் நாட்டின் சம்பிரதாய உடை ஏற்கத்தக்கது என்று தங்கள் விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள். எதிர்க்கோடியில் நார்வீஜியன் நிறுவனம் ஃபார்மல் நைட் என்ற கட்டாயத்தையே வைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அங்கே சூட் போட்டவரும் இருப்பார், காலர் வைத்த முழுக்கைச் சட்டையோடு முடித்துக்கொண்டவரும் இருப்பார். குடும்பத்தோடு வந்த இந்தியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், சேலைகளும் இருக்கும். நீங்கள் கல்யாண வரவேற்புக்குக் கட்டும் பட்டு அந்தக் கூடத்தில் யாருடைய கவுனுக்கும் குறைந்ததல்ல. அன்று மாலை கப்பலின் புகைப்படக்காரர்கள் படிக்கட்டு ஓரங்களில் திரை கட்டி நின்று குடும்பப் படம் எடுப்பார்கள். படம் எடுப்பதற்குக் காசில்லை, அச்சுப் போட்டு வாங்கினால்தான் காசு. அதற்காகவாவது ஒரு நல்ல பட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வேட்டி. மகன் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014-இல் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நம் ஊரிலேயே சட்டம் தேவைப்பட்ட உடையை வெளிநாட்டுக் கப்பலில் என்ன சொல்வார்களோ என்று ஒரு பிள்ளை யோசிப்பது இயல்பு. அந்தச் சட்டம் சிங்கப்பூரில் ஏறும் கப்பலுக்குப் பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால், கப்பலின் கேள்வியே வேறு. இந்த இரவுக்கு உரிய மதிப்போடு உடுத்தியிருக்கிறாரா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். சலவை மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டி, பட்டுச் சட்டை அல்லது முழுக்கை வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம் என்று ஐயா நடந்து வந்தால், அது சடங்குக்குரிய உடை என்பது எந்த நாட்டுக்காரருக்கும் பார்த்த மாத்திரத்தில் புரியும். கடையில் அவசரமாக வாங்கிய, தோள் இறங்கிய கோட்டுக்குள் இரண்டு மணி நேரம் புழுங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு கண்ணியம் என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் வாசலில் நிற்கும்போது மனக்கலக்கம் வேண்டாம். மகனைக் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: "என் தந்தை ஃபார்மல் இரவில் இந்தியாவின் பாரம்பரிய உடையான வேட்டி அணிவார், படம் இணைத்துள்ளேன், ஏற்பீர்களா?" படத்தை இணைப்பது முக்கியம், வெறும் சொல்லாகப் படிப்பவர் லுங்கியைக் கற்பனை செய்துகொள்ளக் கூடும். வரும் பதிலைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டியில் சில கவனங்கள் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் மடித்துக் கட்டக் கூடாது. ரப்பர் செருப்பு கூடாது, நல்ல தோல் செருப்பு வேண்டும். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியோ, மேலே பெல்ட்டோ இருந்தால் நல்லது. இது அழகுக்காகச் சொல்வதல்ல. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால், அது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். எதிர்க்காற்றும் சேர்ந்தால் மேல் டெக்கில் நிற்பது ஓடும் லாரியின் திறந்த பின்தட்டில் ஏறி நிற்பது மாதிரி. வேட்டி பறக்கும், முந்தானையும் பறக்கும். அங்கே போகும்போது நீங்கள் தோளில் ஊக்குக் குத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஐயாவுக்கு டெக்குக்கும் கரைக்கும் என்று இரண்டு பேன்ட் எடுத்து வைப்பது நல்லது. அது கோட் மாதிரி இல்லை, மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மற்ற மூன்று இரவுகளுக்கு 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றோ 'கேஷுவல்' என்றோ போட்டிருக்கும். நம் மொழியில் சொன்னால், உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு உடுத்துவது ஒன்று, சினிமாவுக்குப் போகும்போது உடுத்துவது இன்னொன்று. உங்களுடைய சாதாரண சில்க் காட்டன், ஜார்ஜெட், பூனம் சேலைகள் இரண்டுக்குமே போதும். பேத்திக்குச் சுடிதாரோ முழங்கால் வரையிலான கவுனோ.

எந்த இரவு ஃபார்மல் என்பதைக் கப்பலின் செயலியிலும் கேபினுக்கு வரும் நாள் நிரலிலும் போடுவார்கள். அந்தக்கால நெடும்பயணங்களில் முதல் இரவும் கடைசி இரவும் ஃபார்மல் வைக்கமாட்டார்கள். முதல் இரவு பெட்டி பிரித்திருக்காது, கடைசி இரவு பெட்டி கட்டியாகிவிட்டிருக்கும், அதனால் வந்த வழக்கம். நான்கு இரவுப் பயணத்தில் அவ்வளவு இடம் கிடையாது. இரண்டாம் இரவிலேயே வந்துவிடலாம். பட்டைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

பட்டு என்றதும் இஸ்திரி. கேபினில் இஸ்திரிப் பெட்டி கூடாது, கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலின் நடுவே தீ என்பது கப்பல்காரர்களின் மிகப் பெரிய அச்சம். இதே காரணத்தால் ஊதுபத்தி, சூடம், விளக்கு எதையும் கேபினில் ஏற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் விளக்கேற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது தெரியாமல் சங்கடமாகிவிடுகிறது. கசங்கிய சட்டையைக் குளியலறையில் மாட்டி வெந்நீரைத் திறந்துவிட்டால் ஆவியில் சுருக்கம் கொஞ்சம் விடும். பட்டுச் சேலையில் அதைச் செய்யாதீர்கள். மேலே பருத்தித் துணி சுற்றி, மடிப்புக்கு மடிப்பு ஒரு மெல்லிய துண்டு வைத்து எடுத்துப் போவதுதான் வழி. கஞ்சி போட்ட காட்டன் சேலைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஒருமுறை கட்டினால் அப்புறம் பயணம் முழுக்கக் கசங்கித்தான் இருக்கும். அலமாரி சிறியது. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நான்கைந்து வாங்கிப் போனால் பை, சால்வை, அங்கவஸ்திரம் எல்லாம் மாட்டலாம். பால்கனி இருந்தாலும் ஈரத்துணியைக் கம்பியில் காயப்போடாதீர்கள். காற்றில் போனால் கடலுக்குத்தான்.

உண்மையில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஃபார்மல் நைட் இல்லை, நீச்சல் குளம்தான். சேலை, சுடிதார், பனியன், பருத்தி லெகிங்ஸ் எதையும் குளத்தில் அனுமதிப்பதில்லை. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனத்து நீந்துபவரையே இழுக்கும். அதற்காகப் பேத்தியின் ஆசையை மறுக்க வேண்டியதில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் நைலான், லைக்ரா நீச்சலுடைகள் இருக்கின்றன. முஸ்லிம் பெண்கள் நிறைய அணிவதால் சிங்கப்பூர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கப்பல் ஏறுவதற்கு முன் மருமகளோடு போய் வாங்கிக்கொள்ளுங்கள். உடுத்திப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து பார்த்து வாங்குங்கள். ஐயா இறங்குவதானால் நீச்சலுக்கான அரைக்கால் சட்டை. துண்டு கட்டிக்கொண்டு இறங்க முடியாது. குளத்திலிருந்து அதே ஈர உடையில் பஃபேக்குள் போகாமல், மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலில் செருப்போடு போக வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நைட்டி. நம் வீடுகளில் நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் வாசல் வரை, தெருமுனை வரை போய்வருவோம். கப்பலில் கேபின் கதவைத் தாண்டினால் அது பொது இடம். காலைக் காப்பிக்குப் போகும் நடைபாதையும், பஃபேயும், லிஃப்ட்டும் ஓட்டல் முன்கூடம் மாதிரிதான். கணுக்கால் வரை வரும் ஒரு தொளதொள குர்தி செட்டை அதற்கென்று வைத்துக்கொண்டால் காலையில் அவசரமாகச் சேலை கட்டும் வேலை மிச்சம்.

உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், அரங்கில் இன்னும் அதிகம். ஆளுக்கொரு சால்வை. காலில் பிடிமானம் உள்ள, பின்வார் வைத்த தட்டையான செருப்பு. ஈரமான டெக்கில் வழுக்குகிறது, கப்பல் மெல்ல ஆடும்போது குதி உயர்ந்த செருப்பில் கணுக்கால் பிசகுகிறது. சேலையை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டுங்கள். ஏறியதும் நடக்கும் அவசரகாலப் பயிற்சிக்கும், கரைக்கு இறங்கும் சாய்வுப் பாலத்துக்கும் இது உதவும். சில துறைமுகங்களில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், சிறு படகில்தான் கரை சேர்ப்பார்கள். அங்கே கொசுவம் காலில் சிக்கக் கூடாது.

பினாங்கில் உங்கள் சேலை சொந்த ஊரில் நடப்பது மாதிரி இருக்கும். ஜார்ஜ் டவுனில் கப்பல் கட்டும் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்து போகும் தூரம். 1833-ஆம் ஆண்டு எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் குவீன் தெருவில் இருக்கிறது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க நினைத்தால் ஐந்நூறுக்கு மேல் படிகள், வெயிலும் வியர்வையும் உண்டு, அன்றைக்குப் பட்டு வேண்டாம். புக்கெட்டில் வாட் சலோங் போன்ற புத்த ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிரச்சினையில்லை, பேத்தி கடற்கரை உடையில் கிளம்பினால் பையில் ஒரு மேல்சட்டையும் நீளப் பாவாடையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி பற்றி இரண்டு விஷயம். ஏறும் நாளன்று துறைமுகத்திலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். கடவுச்சீட்டு, மாத்திரைகள், நகை, நீச்சலுடை, மாற்று உடை ஒன்று, இவை கைப்பையில் உங்களோடேயே இருக்கட்டும்.

கடைசி இரவு இதற்கு நேர்மாறு. இரவே பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் கரையில்தான் அவை கைக்கு வரும். என் வழியாகப் பயணம் போன ஒரு அம்மா எல்லாவற்றையும் அழகாக அடுக்கிப் பூட்டி வெளியே வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் உடுத்தியிருந்த நைட்டியைத் தவிர எதுவும் இல்லை. மருமகளின் மழைக்கோட்டை மேலே போட்டுக்கொண்டு, கேபினில் கிடந்த துணிச் செருப்போடு குடிநுழைவு வரிசையில் நின்றிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது, நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். சேலை, ரவிக்கை, உள்பாவாடை, ஊக்கு, செருப்பு, ஐயாவின் வேட்டி சட்டை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நாற்காலிமேல் எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.