பிளைவுட் டாங்க் போதும்

கேள்வி: குறைந்த செலவில் எடுக்கப்படும் போர்ப் படங்களை ஓ.டி.டி.யில் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். நாலைந்து சிப்பாய்கள் எதிரியின் எல்லைக்குள் மாட்டிக்கொள்வார்கள். ரேடியோ வேலை செய்யாது. ஒன்றரை மணி நேரம் காட்டுக்குள் நடப்பார்கள். கையில் காசில்லை என்பதை மறைக்கத்தானே இந்தக் கதை? ரசிகனை ஏமாற்றுவது ஆகாதா? (நானும் நண்பர்களும் இப்படி ஒரு படம் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. இருந்தாலும் முதலில் கேட்டதற்கே முதலில் வருகிறேன்.

காசில்லாததால்தான் இந்தக் கதை. அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு படையைக் காட்ட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் சீருடை வேண்டும், லாரி வேண்டும், விமானம் வேண்டும், இவ்வளவையும் இரவல் தரச் சம்மதிக்கும் ஒரு ராணுவமும் வேண்டும். படையை விட்டுப் பிரிந்த நாலு பேரைக் காட்ட நாலு சீருடை போதும். எதிரியைக் காட்டவே வேண்டாம். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எதிரி வந்தாயிற்று. தயாரிப்பாளரின் கணக்கில் இதைவிடச் சிக்கனமான கதை பேய்க் கதை ஒன்றுதான்.

ஆனால் ஏமாற்று என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

கொரியப் போர் தொடங்கியது 1950 ஜூன் 25. அடுத்த ஜனவரியிலேயே அந்தப் போரைப் பற்றிய ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்துவிட்டது. எடுத்தவர் சாமுவேல் ஃபுல்லர். படப்பிடிப்பு 10 நாள். செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். கொரியாவாக நடித்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கிரிஃபித் பூங்கா. துணை நடிகர்கள் 25 பேர், எல்லாரும் கல்லூரி மாணவர்கள். போர் டாங்க் பிளைவுட்டில் செய்தது. உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முழு மோசடி.

அந்த மோசடி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். திரை நிறைய ஓர் இரும்புத் தொப்பி, அதில் குண்டு துளைத்த ஓட்டை. தொப்பி மெல்ல மேலே எழும்புகிறது, அதன் கீழே இரண்டு கண்கள் இப்படியும் அப்படியும் பார்க்கின்றன. சார்ஜென்ட் ஸாக். அவருடைய ஆட்களையெல்லாம் கையைப் பின்னால் கட்டிச் சுட்டுப் போட்டிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் மிச்சம். கட்டிய கையோடு ஊர்ந்து வருகிறார். எதிரே ஒரு துப்பாக்கியும் வெறுங்கால்களும் நெருங்குகின்றன. யாரென்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால் ஒரு கொரியச் சிறுவன், கட்டை அறுத்துவிடுகிறான். இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு தொப்பி, ஒரு கயிறு, ஒரு பையன்.

அப்புறம் இன்னொரு இடம். இதற்குள் ஸாக் ஒரு சின்ன அமெரிக்கப் படைக்குழுவோடு சேர்ந்துவிட்டார். வழியில் ஒரு அமெரிக்கச் சிப்பாயின் பிணம் கிடக்கிறது. அடையாளத் தகட்டை எடுத்து வரும்படி லெப்டினன்ட் ஓர் ஆளை அனுப்புகிறார். செத்தவனைத் தொடாதே, விட்டுவிடு என்கிறார் ஸாக். லெப்டினன்ட் கேட்கவில்லை. போன ஆள் பிணத்தைத் தொட, அடியில் வைத்திருந்த வெடி வெடிக்கிறது. நூறு டாங்குகள் உருண்டாலும் எனக்கு இந்த அளவுக்கு வயிறு கலங்கியிருக்காது.

இந்தக் கும்பல் ஒரு புத்தர் கோயிலுக்குள் ஒதுங்குகிறது. அங்கே பிடிபடும் வட கொரிய அதிகாரி வாயாலேயே சண்டை போடுகிறான். கறுப்பின மருத்துவ உதவியாளரிடம், உன் ஊரில் பஸ்ஸில் உன்னைப் பின்னால்தானே உட்கார வைக்கிறார்கள் என்று குத்துகிறான். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரிடம், போன உலகப் போரில் உன் ஆட்களை முகாமில் அடைத்தார்களே, மறந்துவிட்டதா என்கிறான். 1951-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, பெரிய ஸ்டுடியோ எதுவும் இதற்குப் பணம் போட்டிருக்குமா? ஃபுல்லருக்கு வாய்த்தது ராபர்ட் லிப்பர்ட் என்ற சின்னப் படத் தயாரிப்பாளர். கொஞ்சம் பணம்தான், ஆனால் இந்தக் காட்சியில் கைவைக்க ஆளில்லை.

அந்தக் கைதியை ஸாக் ஒரு கட்டத்தில் சுட்டுவிடுகிறார், நிராயுதபாணியாக நிற்கும்போதே. அமெரிக்க ராணுவத்துக்கு வந்ததே கோபம். கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இப்படி நடந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்ன ஃபுல்லர், தன்னுடைய பழைய கமாண்டர் ஜார்ஜ் டெய்லரையே சாட்சிக்கு இழுத்தார். ஃபுல்லர் அமெரிக்காவின் முதலாவது காலாட்படைப் பிரிவில் வட ஆப்பிரிக்கா, சிசிலி, நார்மண்டி என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர். டாங்க் பிளைவுட்தான், பயம் அசல்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் முழுநீளப் படமும் இதே கதைதான். ‘ஃபியர் அண்ட் டிசையர்’, 1953. விமானம் விழுந்து நாலு வீரர்கள் எதிரி எல்லைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்துக் கடை வைத்திருந்த தாய்மாமன் போட்ட பணம். கலிஃபோர்னியாவில் ஒரு மலைக்காடு. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படக்குழு. மூடுபனி வேண்டுமென்று பூச்சிமருந்து தெளிக்கும் கருவியைக் கொண்டுவந்து நடிகர்களுக்கு மூச்சு முட்ட வைத்தார்கள். சிக்கனம் என்று நினைத்து ஒலியில்லாமல் படம்பிடித்துவிட்டு, பிறகு ஒலி சேர்த்ததில் படப்பிடிப்புச் செலவைவிடக் கூடுதலாகப் போயிற்று. (இதை மட்டும் உங்கள் நண்பர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.)

படம் தேறவில்லை. எந்தப் போர் என்று தெரியாது, எந்த நாடு என்று தெரியாது. சிப்பாய்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் தத்துவம் பேசுகிறார்கள். பிற்காலத்தில் குப்ரிக்கே அதைக் கற்றுக்குட்டித்தனமான முயற்சி என்று சொல்லி, யாரும் திரையிடாமல் பார்த்துக்கொள்ள முயன்றார். ஆனாலும் ஒரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. குடிசைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எதிரிகளை இவர்கள் பாய்ந்து கொல்கிறார்கள். கத்தியைவிட அதிகமாக நாம் பார்ப்பது, துடிக்கும் ஒரு கை தட்டிலிருந்த உணவைப் பிசைவதை. கொன்றவர்கள் அப்புறம் அந்த மிச்சச் சாப்பாட்டையே அள்ளித் தின்கிறார்கள், அவ்வளவு பசி. அந்த ஒரு நிமிஷம் படம் தத்துவத்தை விட்டுவிட்டு வயிற்றைக் கவனிக்கிறது; உடனே உயிர் வந்துவிடுகிறது.

மூன்றாவது, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது, 1965-ல் வந்த பிரெஞ்சுப் படம். தலைப்புக்கு ‘317-வது பிளாட்டூன்’ (சின்னப் படைப்பிரிவு) என்று பொருள். இயக்குநர் பியர் ஷொண்டோர்ஃபர் பிரெஞ்சு ராணுவத்தின் கேமராமேனாக, வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் ஃபூ கோட்டையில் இருந்தவர். 1954 மே 7-ல் அது வீழ்ந்தபோது பிடிபட்டுச் சில மாதம் கைதியாகக் கிடந்தவர். ஒளிப்பதிவாளர் ரவுல் குத்தாரும் இந்தோசீனாவில் பல ஆண்டுகள் போரைப் படமெடுத்தவர். கறுப்பு வெள்ளையில், சின்னக் குழுவோடு கம்போடியக் காட்டுக்குள் போய், சிப்பாய்களைப் போலவே விடியற்காலையில் எழுந்து ரேஷனைத் தின்று எடுத்தார்கள்.

கதை ஒரே வரி: காட்டுக் காவல் சாவடியைக் கைவிட்டு ஒரு பிளாட்டூன் பின்வாங்க வேண்டும். புதிதாக வந்த இளம் லெப்டினன்ட் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டுதான் போவேன் என்கிறார். அவருக்குக் கீழே இருக்கும், பல போர் பார்த்த அனுபவசாலி அட்ஜுடன்ட் (மூத்த சார்ஜென்ட் போன்ற பதவி), தூக்கினால் எல்லாரும் சாவோம் என்கிறார். டோலியில் ஒருவனைச் சுமக்க நாலு பேர், அந்த நாலு பேராலும் சுட முடியாது, வேகம் பாதியாகிவிடும். இந்தக் கணக்குதான் முழுப் படமும். யார் சொல்வது நியாயம் என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டின் திரைக்கதை விருதைப் பகிர்ந்துகொண்டது.

ஆகவே ஐயா, மாட்டிக்கொண்டவனின் கதைக்குத் தேவையானதெல்லாம் அவன் எடுக்க வேண்டிய முடிவுகள். காயம்பட்டவனைச் சுமப்பதா, கைதியை என்ன செய்வது, பிணத்தைத் தொடலாமா. இவற்றுக்கு வாடகை கிடையாது. நீங்கள் பார்த்துச் சலித்த படங்களில் இந்த முடிவுகள் வருவதே இல்லை, கவனித்தீர்களா? காசு இல்லாததைவிட, இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளத் துடிப்பதுதான் அவற்றைக் கெடுக்கிறது. கம்ப்யூட்டரில் ஒட்டிய தீப்பிழம்பு, ட்ரோனில் எடுத்த மலை, தீராத தோட்டா. பசியில் நாலு நாள் நடந்தவன் சட்டையில் இஸ்திரி மடிப்பு. இரண்டாவது சண்டையில் செத்த எதிரி நாலாவது சண்டையில் மீசையோடு வந்து மறுபடி சாகிறான். ஏமாற்று என்று நீங்கள் சொல்வது இதையென்றால் நானும் உங்கள் கட்சி.

இனி அடைப்புக்குறி விஷயம். எடுங்கள். ஆனால் துப்பாக்கி வாடகைக்குப் பேசுவதற்கு முன்னால் உங்கள் நாலு பேரில் யாரிடம் தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவையுங்கள். யாருக்குக் கால் புண், யாருக்கு வரைபடம் படிக்கத் தெரியும், தெரியாதவன் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறானா, அதையும். எதிரியில் ஒருவனாவது வாய் திறந்து பேசட்டும். முடிந்தால் உங்கள் ஆட்கள் கேட்க விரும்பாததைப் பேசட்டும். பழைய ராணுவத்தினர் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். ஒரு மாலை உட்கார்ந்து, சண்டையை விட்டுவிட்டு, சாக்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கொடைக்கானல் மலை பக்கத்தில் இருக்கிறது என்று சீருடையோடு ஏறிவிடாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். பொம்மைத் துப்பாக்கியானாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.