குள்ளமும் உயரமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘கண்ணன் மாலாவைவிட உயரம்’, ‘மாலா கண்ணனைவிடக் குள்ளம்’ ஆகிய இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்கிறேன். ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை, ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய். சொல் மாறினால் பொருளும் மாறும் என்று நண்பர் அடம்பிடிக்கிறார். யார் சொல்வது சரி?

மாதவி

அன்புள்ள மாதவி,

உங்கள் அளவுகோலை வேறொரு ஜோடியின்மேல் வைத்துப் பாருங்கள். ‘இரண்டும் இரண்டும் நான்கு’, ‘பகா எண்களுக்கு முடிவில்லை’. இரண்டுமே எந்தச் சூழலிலும் பொய்க்காதவை. உங்கள் கணக்குப்படி இவையும் ஒரே பொருள் கொண்டவை! முதலாவது சிறு பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவதை நம்ப நிரூபணம் வேண்டும்.

ஜெர்மானியத் தத்துவவாதி ஃப்ரெகே 1892-இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். ‘விடிவெள்ளி சூரிய ஒளியால் ஒளிர்வது’ என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர், அந்திவெள்ளியைப் பற்றி அதையே சொன்னால் மறுக்கலாம். இரண்டும் வெள்ளிக் கோள்தான் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவே. அவர் அறிவில் கோளாறு எதுவும் இல்லை. ஆகவே அவ்விரு வாக்கியங்களும் சொல்லும் எண்ணம் வேறு வேறு.

உங்கள் நண்பருக்குத் தத்துவவாதி கார்னப் துணைக்கு வருவார். இரண்டு வாக்கியங்களுக்குப் பொருள் ஒன்று என்றால், இரண்டும் பொருளால் ஒத்த சொற்களை ஒரே விதமாகக் கோத்திருக்க வேண்டும் என்பது 1947-இல் அவர் வைத்த நிபந்தனை. உங்கள் ஜோடி அதில் தேறாது. உயரமும் குள்ளமும் எதிர்ச்சொற்கள்.

மேட்ஸ் என்ற தத்துவவாதி 1950-இல் கார்னப்பையும் விட்டுவைக்கவில்லை. அவர் உத்தியை உங்கள் ஜோடியிலேயே காட்டுகிறேன். ‘கண்ணன் மாலாவைவிட உயரம் என்று நம்புகிற எவரும் கண்ணன் மாலாவைவிட உயரம் என்று நம்புகிறார்.’ இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பின்பாதியில் மட்டும் ‘மாலா கண்ணனைவிடக் குள்ளம்’ என்று மாற்றுங்கள். சந்தேகிக்க ஒருவராவது கிளம்புவார். (தத்துவத்துறையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.) இப்படிச் சோதித்தால் உலகில் எந்த இரண்டு வாக்கியமும் ஒரே பொருளில் நிற்காது.

சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சந்தேகம் வாக்கியங்களின் பொருளைப் பற்றியதல்ல. பிறர் அவற்றை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அரைகுறையாகப் புரிந்துகொண்டவரும் உண்டு என்பதற்காக வாக்கியத்தின் பொருளைப் பிளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஜோடியைப் பொறுத்தவரை என் வாக்கு உங்களுக்கே, நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல என்றாலும். இரண்டும் சேர்ந்தே உண்மையாவது போதாது. இரண்டையும் முழுமையாகப் புரிந்துகொண்ட ஒருவரால் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க முடியாது என்பதால்தான் அவற்றுக்குப் பொருள் ஒன்று.