பி.காம் பட்டம் இருக்கிறது, கணினிச் சான்றிதழும் வேண்டுமா?

கடலூர் சிப்காட்டில் கணக்குப் பிரிவு வேலைக்குப் போக எந்தக் கணினிச் சான்றிதழ் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழ் உதவும்தான். ஆனால் தேர்வை யார் வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாடம் நடத்திய மையமே மார்க்கும் போட்டுக் கொடுக்கும் கலர் பேப்பருக்கு என் கணிப்பில் பெரிய மதிப்பில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வு வேறு ரகம். எக்செல்லிலேயே வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள். கம்பெனிக்குத் தேவையும் அதுதான். ஒரு ஷீட்டில் பில் பட்டியல், இன்னொன்றில் வசூல் விவரம். எந்தப் பில்லுக்குப் பணம் வரவில்லை? ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொன்றில் தேடித் தரும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா போடலாம், சரி. ஆனால் பில் நம்பர் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிவாகியிருந்தால், இருக்கிற பில்லையும் இல்லை என்றே காட்டும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிகிறதா என்பதை மூன்று மணி நேரம் பேனாவால் எழுதும் பரீட்சையில் எப்படிச் சோதிப்பது?

ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் (NPTEL) பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 மார்க். கல்லூரி ஒப்புக்கொண்டால் கிரெடிட்டாகவும் சேரும்.

அரசுத் தட்டச்சர் பணியும் மனதில் இருந்தால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சிஓஏ (COA) என்ற கணினி அலுவலகப் பணிச் சான்றிதழ் தேர்வை எழுதிவிடுங்கள்.

அப்புறம், 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் பாடம் உங்கள் கல்லூரியில் இருந்தால், காசு கட்டி வெளியே சேருவதற்கு முன் அதை முடியுங்கள். புதுச்சேரியில் படிக்கும் நண்பர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம், இது தமிழ்நாடு அரசின் திட்டம்.