வாட்டர் கூலிங் போட்டும் கணினி இரைகிறது. சத்தமும் சூடும் குறைய என்ன செய்யலாம்?

முதலில் ஃபேன் எதைப் பார்த்து வேகம் மாற்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சிபியு சூட்டைப் பார்த்துத்தான். பிரவுசர் திறந்தாலே அது சட்டென்று ஏறும். ஃபேனும் கூடவே அலறும். தண்ணீர் அப்படியில்லை: ஒரு லிட்டரை 1 டிகிரி ஏற்றவே சுமார் 4,200 ஜூல் வேண்டும். அதனால் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேன் வேகம் மாறும்படி வையுங்கள். இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை என்பேன். அதற்கான சென்சார் இல்லையா? பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ஃபேன் வேகம் மாறச் சில வினாடி தாமதம் கொடுங்கள்.

ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். காற்றும் பாதியாகிவிடும், அதை ஈடுகட்டப் பெரிய ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பகுதி) வேண்டும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பல சமயம் சூடு ஓரிரு டிகிரிதான் கூடும். அப்புறம், களகளவென்று கேட்டால் அது காற்றுக் குமிழி. காற்று மேலே போய்ச் சேரும், அதனால் பம்பு லூப்பின் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) உச்சியில் இருக்கவே கூடாது.