வண்ணத்தின் மேல் வண்ணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என நான்கு வண்ணத்தில் ஒரு கிளியை லினோகட்டாக, அதாவது லினோ என்ற மென்மையான தகட்டைச் செதுக்கி மை உருட்டி, தாளில் அச்சிட ஆசை. நான்கு லினோ செதுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒன்றே போதும். பிக்காசோ 1950களின் கடைசியிலிருந்து நிறைய லினோகட்டுகளை ஒரே லினோவில்தான் செய்தார்: கொஞ்சம் செதுக்கி ஒரு வண்ணம், மேலும் செதுக்கி அடுத்த வண்ணம், வெளிரிலிருந்து அடர்த்திக்கு. தாளின் வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களை, அதாவது பின்னணியையும் கண்ணில் மினுங்கும் அந்தச் சின்னப் புள்ளியையும், முதலில் எடுத்துவிட்டு மிச்சம் முழுவதையும் மஞ்சளில் அச்சிடுங்கள். அப்புறம் மஞ்சளாகத் தெரிய வேண்டிய இறகு ஓரங்களைச் செதுக்கி எடுத்துவிட்டுப் பச்சை, கடைசியில் கறுப்பு.

சிக்கல் அலகில்தான். பச்சை மேல் சிவப்பு விழுந்தால் மங்கிப் பழுப்படித்துவிடும். அதனால் பச்சை மை உருட்டும்போது அலகை ஒரு துண்டுத் தாளால் மறைத்துக்கொண்டு, தாளை எடுத்தபின் சின்ன ரோலரால் அங்கே மட்டும் சிவப்பைத் தடவி, இரண்டையும் ஒரே தடவையில் அச்சிட்டுவிடுங்கள். அடியில் மஞ்சள் இருப்பதால் அந்தச் சிவப்புக்கு வரும் சூடு வெறும் தாளில் வரவே வராது, எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்ததே அதுதான்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது, பச்சைக்குப் போன பிறகு இன்னொரு மஞ்சள் பிரதி கிடையாது. 10 பிரதி வேண்டுமென்றால் 15 தாளிலாவது மஞ்சளை ஆரம்பியுங்கள், நடுவில் சில நிச்சயம் கெடும். கிளி இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் லினோவில் வலப்பக்கம் பார்க்கட்டும்.

கேள்வி: இரண்டாவது வண்ணம் விலகி விழுகிறது, திட்டுத்திட்டாகவும் பிடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: லினோ உட்காரும் இடத்துக்கு ஒரு அட்டையில் மூலை கட்டி, தாளின் மூலைக்கும் அதிலேயே ஒரு தடுப்பு ஒட்டிவிடுங்கள், ஒவ்வொரு வண்ணத்துக்கும் இரண்டும் அதே இடத்தில் வந்து முட்ட வேண்டும். திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கெட்டியான மை, அல்லது கீழ் வண்ணம் காயாதது. ரோலரை உருட்டும்போது மெல்லிய 'உஸ்ஸ்' சத்தம் கேட்டால் மை சரி, சளசளவென்றால் அதிகம். எண்ணெய் மை என்றால் சில நாள் பொறுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: அக்ரிலிக்கில் கலந்த வண்ணம் காய்ந்ததும் வேறாகிவிடுகிறதே?

பதில்: அக்ரிலிக்கில் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தில் பால் போல வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அந்த வெள்ளை போனதும் வண்ணம் ஒரு படி இருண்டு தெரியும். ஒரு துண்டுக் கான்வாஸில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெளிராகவே கலந்துகொள்ளுங்கள். அதே வண்ணம் நாளைக்கும் வேண்டுமென்றால் இன்றே கூடுதலாகக் கலந்து காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.

அடி வண்ணம் தெரியும்படி மெல்லிய பூச்சு போட நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பசை வலுவிழக்கும். அக்ரிலிக் மீடியம், அதாவது நிறம் சேர்க்காத அதே பசை, சேருங்கள். எண்ணெய் வண்ணத்தின் மேல் மட்டும் அக்ரிலிக்கை ஏற்றவே ஏற்றாதீர்கள், பிடிக்காமல் உரிந்து வரும். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் அதன் மேல் எண்ணெய் வண்ணம் தாராளமாகப் போடலாம்.